செங்குட்டுவனைத் துரத்தும் வேலை

செங்குட்டுவன் என்பவரைத் துரத்துவதுதான் பல வருடங்களாக என் வேலை. அவருடைய கனவில். உறையூரில் எங்கள் பகுதியில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் தூங்கியதும் யாராவது ஒருவருடைய கனவுக்குப் போய்விட்டு வருகிறோம். என் கணவர் லூர்துசாமி ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியின் கனவில் பரீட்சை ஹால் சூப்பர்வைசராக இருக்கிறார். அந்த நீதிபதி பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை இன்னும் எழுதி முடிக்கவில்லை. இவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தால் போதும். எனக்கு ஓட்டம்.

யாருக்கு யார் என்று முடிவு செய்வது யார் என எங்களுக்குத் தெரியாது. கண் மூடினால் கால் அங்கே போய் நின்றுவிடும். செங்குட்டுவனின் கனவில் எப்போதும் சாயங்கால வெயில். இரண்டு பக்கமும் மதில் உள்ள ஒரு சந்து, அதைத் தாண்டி மூடிக் கிடக்கும் ஒரு அரிசி ஆலை, பிறகு வாய்க்கால், அதன்மேல் ஒரு குறுகலான பாலம். சந்தின் முனையில் அவர் நிற்பார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்குவார். பாலத்தின் நடுவில் அவர் விழித்துக்கொள்வார். வெயில் அணைந்துவிடும். நான் என் கட்டிலில் முழங்கால் வலியோடு படுத்திருப்பேன்.

பயமுறுத்தும்படி என்னிடம் எதுவும் இல்லை. நான் குள்ளம். நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்போடு ஓடுவேன். ஆனால் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்காதவருக்கு நான் என்னவாகத் தெரிந்தேனோ.

எனக்கும் அவருடைய முகம் தெரியாது. பிடரியில் இருந்த சுழி தெரியும். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பது தெரியும். அதனால் ஒரு நாள் காலையில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர், பவர் பார்க்கும் ஸ்டூலில் உட்காருவதற்காக முதுகைக் காட்டித் திரும்பியபோதுதான் அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. பெயரைச் சொன்னார். தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் இன்ஜினியரிங் டிராயிங் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு தயங்கினார்.

"மேடம், ஒரு தடவ வேற பக்கம் பார்த்துட்டு மறுபடி படிக்கட்டுமா?"

"படிங்க சார்."

வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி, முதலிலிருந்து படித்தார். "அப்படியேதான் இருக்கு" என்றார். அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. பிறகு கையை விரித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் சொல்லிக் குடுத்தது மேடம். கனவுல எழுத்து நிக்காதாம். திரும்பிப் பார்த்தா மாறிடுமாம். விரல் கூடக் கொறச்சலா இருக்குமாம். பகல்ல இப்படிச் செஞ்சு செஞ்சு பழகிட்டா, கனவுலயும் ஞாபகம் வந்து செய்வோமாம். அப்ப இது கனவுதான்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா பயம் போயிடும்."

"கனவுல என்ன சார் பயம்?"

"யாரோ தொரத்துறாங்க. பல வருஷமா. ராத்திரின்னாலே உடம்பு நடுங்குது. கிளாஸ்ல பசங்க முன்னாடி நிக்கவே முடியல."

நான் அவருக்குப் பிரேம்களை எடுத்துக் காட்டினேன். கருப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது நான்தான் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் பகலில் அந்தப் பேச்சை எடுப்பது வழக்கமில்லை.

கொஞ்ச நாள் கழித்து, சந்தில் ஓடிக்கொண்டிருந்தவர் அரிசி ஆலைக்கு எதிரே நின்றார். ஆலையின் பெயர்ப்பலகையைப் படித்தார். குனிந்து நிமிர்ந்து மறுபடி படித்தார். விரல்களை எண்ணினார். பிறகு திரும்பினார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாடிக் கடை மேடம்தானே?"

"ஆமா சார்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

டாக்டர் அப்படிக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அதை நான் யோசித்ததே இல்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். தொரத்தணும். அவ்ளோதான்."

"இனிமே வேணாமே."

"சரி சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். கையை நீட்டினார். மதில் ஓரமாக ஒரு பிரம்பு நாற்காலி வந்தது. "உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்தேன். அவர் அந்தச் சாயங்கால வெயிலில் மெல்ல மேலே எழும்பி, ஆலையின் கூரைக்கு மேல் ஒருமுறை வட்டமடித்துவிட்டு வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல காலம். நான் நாற்காலியில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தேன். முழங்கால் வீக்கம் வடிந்தது. அவர் கடைக்கு வந்து ஒரு மைசூர்பாகுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணில் சிவப்பு இல்லை. முகத்தில் சதை போட்டிருந்தது. தன் கனவில் தான் விழித்திருக்கிற ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆறுதல் கிடைக்குமென்றால் எல்லோருமே அதைக் கற்றுக்கொள்ளலாமே என்று லூர்துசாமியிடம் சொன்னேன். "அப்புறம் நீதிபதி தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவாரே" என்றார் அவர்.

ஆனால் செங்குட்டுவன் பறப்பதோடு நிற்கவில்லை. கையில் ஒரு பென்சிலும் டி ஸ்கொயர் அளவுகோலும் வந்தன. காற்றில் கோடு போட்டால் அது சுவராக நின்றது. சந்தை அகலப்படுத்தினார். அரிசி ஆலையை எடுத்துவிட்டு ஒரு நூலகம் வைத்தார். வாய்க்காலையும் பாலத்தையும் அழித்துவிட்டுப் பூங்கா போட்டார். அந்தக் கனவுக்கு என்னைப் போலவே வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சிலர் உண்டு. ஒரு ஆட்டோக்காரர், வாழைப்பழம் விற்கும் ஒரு அம்மா, ஒரு ஆடு. அவர்களையெல்லாம் போகச் சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பதிலாகத் தானே ஆட்களை வரைந்துகொண்டார். என்னை மட்டும் அனுப்பவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் மறந்திருப்பார்.

வரைந்த ஆட்கள் மிகவும் மரியாதையானவர்கள். அவர் எது சொன்னாலும் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் இறந்துபோன தன் அப்பாவையும் வரைந்தார். கதர்ச் சட்டை, கையில் மடித்த செய்தித்தாள். பூங்கா பெஞ்சில் அப்பாவை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். எனக்குக் காது கேட்கும் தூரம்தான்.

"அன்னைக்கு நான் அந்த வேலைய விட்டது சரிதானேப்பா?"

"அதாம்பா சரி" என்பார் அப்பா.

"அரசியக் கட்டிக்கிட்டதும் சரிதானே?"

"அதாம்பா சரி."

உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் மகன் சொன்ன எதையும் ஒத்துக்கொண்டதில்லை என்று பின்னால் எனக்குத் தெரியவந்தது. செங்குட்டுவன் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா மணிக்கணக்கில் ஒத்துக்கொள்வார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏனோ களைப்பாக இருந்தது. ஓடிய நாட்களில்கூட நான் அவ்வளவு களைத்ததில்லை.

பிறகு எனக்கும் நேரம் கெட்டுப்போனது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடையில் கொஞ்சம் கண் அசந்தால் அந்த நாற்காலியில் இருந்தேன். பஸ்ஸில் கண் அசந்தாலும் அங்கேதான். எப்போது போனாலும் அவர் இருந்தார். அப்படியென்றால் அவர் எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பெண் சின்னக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். குழந்தை நேராகப் போய்க் கண்ணாடி போடாத பிரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

"அக்கா, நான் செங்குட்டுவன் வீட்ல. பேரு அரசி. இவ நறுமுகை."

"உக்காரும்மா. அவரு எப்படி இருக்காரு?"

"அவரு எங்க இருக்காருக்கா?" என்றாள். "பகல்ல பேசக் கூடாதுதான், ஆனா தொரத்துறது நீங்கதான்னு அவரு என்கிட்ட சொல்லிருக்காரு." மூச்சு விட்டுக்கொண்டாள். "வேலைக்குப் போறதில்ல. டாக்டர்ட்டயும் போறதில்ல. கெட்ட கனவு நின்னுடுச்சுல்ல, அதோட விட்ருங்க, ரொம்பப் போனா தூக்கமும் கெட்டுப்போகும் மனசும் கொழம்பிப்போகும்னு டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க. இவருதான் கேக்கல. எந்திரிச்சா சாப்பாட்டுத் தட்டு முன்னால விரலை எண்ணிக்கிட்டே இருக்காரு. நான் எது பேசுனாலும் ரெண்டாவது தடவ சொல்லுங்கறாரு. நான் மொதல்ல 'சாப்பிட வாங்க'ம்பேன். ரெண்டாவது தடவ 'வந்து தொலைங்க'ன்னு வாயில வந்துடுது. மாறிடுச்சு பாரு, அப்ப இது கனவுதான்னு சொல்லிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கறாரு."

"நீ ஒரே மாதிரி சொல்லிப் பாக்கலாமே."

"சொன்னேன்க்கா. நெஜத்துல அரசி இவ்ளோ பொறுமையாப் பேச மாட்டாங்கறாரு."

குழந்தை அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முந்தாநாள் மொட்டமாடிக் கைப்பிடிச் சுவர் மேல ஏறி நின்னாருக்கா. காத்து நல்லாருக்கு, அப்படியே போய்ப் பால் வாங்கிட்டு வந்துடறேன்னாரு. நான் காலக் கட்டிப் புடிச்சு இழுத்தேன். ரெண்டு பேரும் விழுந்தோம். ரத்தம் வந்துச்சு. ரத்தத்தப் பார்த்துட்டு, நல்லா வந்திருக்கேன்னாரு. தான் வரைஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டாரு."

அரசியின் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"மாடிக் கதவப் பூட்டி சாவிய இடுப்புல வெச்சிருக்கேன். அண்ணனையும் ஊர்லேர்ந்து வரச் சொல்லிருக்கேன். ஆனா ஒவ்வொரு தடவயும் உலுக்கி உலுக்கி எழுப்பினாலும் பாதிதான் வர்றாரு. முன்னெல்லாம் நீங்க தொரத்தினா அலறிக்கிட்டு முழிச்சுக்குவாரு. முழிச்சா முழு ஆளா முழிப்பாரு. என்னைப் பார்த்ததும் கையப் புடிச்சுக்குவாரு." அரசி என் கையைப் பிடித்தாள். "பழையபடி அவரத் தொரத்துங்கக்கா."

"செய்றேம்மா" என்றேன்.

நறுமுகை பெரிய பிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். பேசியபோது காற்று விசிலடித்தது. முன்பல் ஒன்று இல்லை. அப்பா இன்னும் பார்க்கவில்லை, கண்ணைத் திறந்தாலும் சரியாகப் பார்ப்பதில்லை, விழுந்த பல்லை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு அவருக்காக வைத்திருக்கிறேன் என்று சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, நடக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படுத்தேன். லூர்துசாமி முழங்காலுக்கு ஒரு பட்டையை மாட்டிவிட்டார்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். செங்குட்டுவன் பூங்காவில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைத் தட்டிக்கொண்டு அவரை நோக்கி ஓடினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தரையைக் கொஞ்சம் சாய்த்தார். நான் சறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். மறுபடி ஓடினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மல்லிகைப் பந்தல் போட்டார். அதைப் பிய்த்துக்கொண்டு போனேன். கண்ணை உருட்டிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன்.

"ஓடுங்க சார்!"

"எதுக்கு மேடம்? பாவம், மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்க." என் பின்னால் நாற்காலி வந்துவிட்டது.

நான் உட்கார்ந்தேன். முழங்கால் தெறித்தது. அந்த ஊரில் ஒரு இலைகூட அவரைக் கேட்காமல் அசையவில்லை. அங்கே பயம் எங்கிருந்து வரும்? என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நறுமுகைக்குப் பல்லு விழுந்துருச்சு சார்."

அவர் திரும்பினார். அவருக்கு முன்பே தெரியாத ஒன்றை அந்த ஊரில் ஒருவர் சொல்லி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"எந்தப் பல்லு?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க பாருங்களேன்."

பென்சிலை எடுத்தார். நறுமுகை வந்து நின்றாள். பாவாடையில் இருந்த பூகூட அச்சு அசலாக இருந்தது. சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். எல்லாப் பல்லும் இருந்தன. அவர் மேல்வரிசையில் ஒன்றை அழித்தார். என்னைப் பார்த்தார். அதைத் திரும்ப வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததை அழித்தார். பிறகு கீழ்வரிசை. குழந்தை சொன்னபடி சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் ஓட்டை.

"இதானேப்பா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அதாம்பா."

அதை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தார். "இதுவா?"

"அதாம்பா."

செங்குட்டுவன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மடித்த செய்தித்தாளோடு, அடுத்த கேள்விக்கும் ஒத்துக்கொள்வதற்குத் தயாராக இருந்தார். பென்சில் செங்குட்டுவனின் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

"மேடம், அவ இப்ப எப்படிப் பேசுறா?"

"காத்து வருது சார். எனக்கு அதச் செஞ்சு காட்ட வராது."

"நான் முழிக்கணும்."

"முழிங்க சார்."

"நெறைய தடவ முழிச்சிருக்கேன். முழிக்கணும்னு நெனச்சதும் என் ரூம் வந்துடுது. கட்டில், ஃபேன், அரசி எல்லாம் வந்துடுது. அப்புறம் பார்த்தா அதையும் நான்தான் வரைஞ்சிருக்கேன். எது நான் வரையாததுன்னு தெரியல." புல்லில் கிடந்த பென்சிலைப் பார்த்தார். "முன்னெல்லாம் நீங்க தொரத்தும்போது தானா நடந்துச்சு."

"அப்ப பாலம் இருந்துச்சு சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பென்சிலைப் பொறுக்கிக்கொண்டார். பூங்காவை அழித்து வாய்க்காலை வரைந்தார். பாலத்தைப் பாதிவரை வரைந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். அந்தக் கரையை வரையவில்லை. பாலத்துக்கு அப்பால் வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை.

"அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது மேடம்" என்றார். பென்சிலை வாய்க்காலில் போட்டார். அது மூழ்கியது.

நான் எழுந்தேன். அவர் ஓடினார். நானும் ஓடினேன். பாலத்தின் தொடக்கத்தில் அவர் நின்றுவிட்டார். நான் நிற்க முடியாமல் போய் அவர்மேல் மோதினேன். என் கையில் அவருடைய சட்டைக் காலர் இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அவரைப் பிடித்ததே இல்லை. பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

"பயமா இருக்கு மேடம்."

"நெஜமாவா சார்?"

"நெஜமா."

"நல்லது சார். ஓடுங்க."

காலரை விட்டேன். அவர் பாலத்தின் மேல் ஓடினார். வரைந்த பகுதி முடிந்த இடத்திலும் நிற்கவில்லை. வெயில் அணைந்தது.

அன்றைக்கு நடந்ததை அரசி பிறகு சொன்னாள். நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அலறிக்கொண்டு எழுந்திருக்கிறார். அரசியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு நறுமுகையைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். கீழ்வரிசையில், நடுவில் இடது பக்கம். "வெள்ளையா ஒண்ணு முளைச்சிருக்கு" என்றாராம். அந்த அரிசிமணி அளவுப் புதுப்பல்லை அரசியே கவனித்திருக்கவில்லை. அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நறுமுகை விரலைக் கடித்துவிட்டாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. டாக்டரிடம் அரசியும் அவள் அண்ணனுமாக அழைத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் மாத்திரை இருந்தது. கனவில் விழிக்கும் பயிற்சி எதுவும் இப்போதைக்கு வேண்டாம், விடிந்ததும் எழ வேண்டும், பகலில் படுக்கக் கூடாது என்று அந்த அம்மா சொன்னார். சந்தேகம் வந்தால் விரலை எண்ணாமல், பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது கேட்கச் சொன்னார். பாலிடெக்னிக்கில் பாதி நாள் வகுப்பு கொடுத்தார்கள். முதலில் கரும்பலகையில் கோடு போடவே கை வரவில்லை. போட்ட கோடு பலகையிலேயே நிற்பது அவருக்குப் பழக்கமாகச் சில வாரங்கள் ஆயின.

அவருடைய கனவு இப்போது அவர் கையில் இல்லை. ஆடு திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் இடத்துக்குப் புத்தூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஓவர்சியர் வருகிறார். "ஒனக்கு என்னடா தெரியும்?" என்று எடுத்ததற்கெல்லாம் சத்தம் போடுகிறார். செங்குட்டுவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, "அப்படி இல்லப்பா" என்று ஆரம்பிக்கிறார். எனக்கு எப்போதாவதுதான் அழைப்பு வருகிறது. கொஞ்ச தூரம் ஓடுவேன். அவர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்.

போன வாரம் காலையில் சத்திரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் நறுமுகை. நான் கூப்பிடவில்லை. அவராகத் திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார். "இருக்கேன் சார்" என்றேன். பஸ் வளைவில் திரும்பியபோது நறுமுகை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, மலைக்கோட்டையக் காணோம்."

அவரும் குனிந்து பார்த்தார். மலை இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. கீழே கடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு பூக்காரி மலையின் நிழல் இல்லாததால் கூடையின் மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். செங்குட்டுவன் விரலை எண்ணாமல், பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் கேட்டார்.

"மலைக்கோட்டை எங்கண்ணே?"

"இன்னைக்குக் கொஞ்சம் தெக்க தள்ளி இருக்கு சார். அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர்.

"சரிண்ணே" என்று சொல்லி, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார்.